எண்ணிப் பார்த்தது சட்டம்

திருவனந்தபுரம் மாநகராட்சி நினைத்தால் கைத்துப்பாக்கி விற்பனை விதியை மாற்றிவிடலாமா? (வாசகர், பாறசாலை)

டீக்கடை உரிமத்தோடு அதன் கை நின்றுவிடும். ஆயுதம் மத்தியப் பட்டியலில் ஐந்தாவது இனம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். போலீஸ் அறிக்கை பார்த்து உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். அந்தத் தாளைக் காட்டாதவருக்குக் கடைக்காரர் விற்றால் குற்றம்.

மூன்று துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்களே, ஏன்? (வாசகர், நெய்யாற்றின்கரை)

மனிதருக்குக் கை எத்தனை?

2019 டிசம்பரில் வந்த திருத்தம் அது. ஒருவருக்கு இரண்டுதான். மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொன்னார்கள். மிக நல்ல காரியம். கல்யாண ஊர்வலத்தில் ஆளுக்கு ஆபத்தாகச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை என்றதும் அதே திருத்தம்தான். ஆனால் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தாண்டில் ஒரு மனிதரின் கோபம், குடி, கடன் எல்லாமே மாறிவிடும்.

அப்படியானால் மேயருக்குத் துப்பாக்கி விஷயத்தில் எந்த அதிகாரமும் இல்லையா? (வாசகர், காட்டாக்கடை)

உண்டு, பன்றி வந்தால்!

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை 2022இல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோரிடம் கொடுத்தது. சுடுபவரிடம் உரிமம் உள்ள துப்பாக்கி இருக்க வேண்டும். விஷம், வெடி, மின்வேலி கூடாது. மரவள்ளியைப் பறிகொடுத்த விவசாயிக்கு இந்த அனுமதி அன்றைக்கே கிடைக்க வேண்டும். மறுநாள் கிடைத்தால் தோட்டத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது.