பின்னுக்குப் போங்க: கம்பளை பஸ்ஸின் தலைமைத்துவம் குறித்து ஓர் ஆய்வு

தலைவன் எங்கே நிற்பான் என்ற கேள்விக்குத் தலைமைத்துவ நூல்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் தருகின்றன: முன்னால். கண்டி நகரத்து மதில்களில் ஒட்டப்படும் ஆளுமை விருத்தி வகுப்பு விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. ஒருவர் கையை நீட்டிக்கொண்டு முன்னே நிற்க, பின்னே சிலர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இது கம்பளை பஸ்ஸில் ஏறிப் பார்க்காதவர்களின் முடிவு. கண்டியிலிருந்து பேராதனை, கெலிஓயா வழியாகக் கம்பளைக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் கொண்டக்டரே இப்பிரதேசத்தின் தலைசிறந்த தலைவர் என்பதும், அவர் நிற்குமிடம் கதவடி என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கப் போகும் மாணவர்கள் இதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், இறங்கிய பிறகுதான் பாடம் தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள்.

முதலில் வரைவிலக்கணம். இடம் கிடைத்தவரைக் கொண்டு, இன்னும் இடம் கிடைக்காதவருக்கு இடம் ஒதுக்க வைப்பதே தலைமைத்துவம். இந்தப் பஸ்ஸுக்கு இரண்டு கதவு. முன் கதவால் ஏறியவரிடம் கொண்டக்டர் “பின்னுக்குப் போங்க” என்கிறார். பின் கதவால் ஏறியவரிடம் “முன்னுக்குப் போங்க” என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் முரண்பட்ட கட்டளைகள். ஆனால் இரு சாராரும் வந்து சேருவது பஸ்ஸின் நடுப்பகுதிக்குத்தான். சிங்களத்தில் பின்னுக்கு என்பதற்கு ‘பஸ்ஸட’ என்பார்கள். தமிழ் எழுத்தில் அதற்கும் நாம் ஏறிய பஸ்ஸுக்கும் வேறுபாடு தெரியாது. பஸ் என்றாலே பின்னோக்கிப் போவது என்று ஒரு சொல்லாராய்ச்சிக்காரர் இதை வைத்து நிறுவக்கூடும். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

வாகனத்தை ஓட்டுபவர் சாரதி, ஆகவே தலைவர் அவரே என்பது முதல் ஆட்சேபம். சாரதிக்குத் தெரிவது பாதையும், எதிரே வரும் முச்சக்கரவண்டியும், கண்ணாடிக்கு மேல் மின்குமிழ் மாலை போட்டு வைத்திருக்கும் சாமி படங்களும்தான். தன்னை நம்பி ஏறியவர் எத்தனை பேர் என்பதே அவருக்குத் தெரியாது. தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தால் எடுக்கிறார், ஒரு தட்டு விழுந்தால் நிறுத்துகிறார். முன்னால் இருப்பதால் ஒருவர் தலைவராகிவிட மாட்டார் என்பதற்குக் கண்டியிலேயே பழைய சான்று உண்டு. எசல பெரஹராவில் முதலில் வருபவர்கள் கசையடிப்பவர்கள். அவர்களைத் தலைவர்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. பாதை விலகுவதற்காகச் சத்தம் போடுகிறவர்கள் அவர்கள். தலதா மாளிகையின் புனிதப் பேழையைச் சுமக்கும் கொம்பன் யானை நெடுநேரம் கழித்துத்தான் வரும். பல்லாண்டுகள் அதைச் சுமந்து 1988இல் இறந்த ராஜா என்ற யானை இன்றும் பாடம் செய்யப்பட்டு மாளிகை வளாகத்தில் நிற்கிறது. கசையடித்தவர் எவருக்கும் அப்படி நிற்கும் பேறு வாய்த்ததில்லை. தேவாலயங்களின் பெரஹராக்களில் கடைசியாக வருவது பத்தினியுடையது, அதாவது நம் கண்ணகியுடையது. கடைசியில் வருவதால் அவள் குறைந்துவிட்டாள் என்று சொல்லும் துணிவு மதுரையிலும் எவருக்கும் வராது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பயணிகள் நகர்வது கொண்டக்டரின் சொல்லுக்காக அல்ல, பின்னாலிருந்து விழும் முழங்கைக்காக என்பார்கள். முழங்கையால் ஆண்டவர்களின் கதையைக் கண்டி அறியும். ஊர் நடுவே குளம் வெட்டிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிரதானிகளே கைவிட்டார்கள். வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்தான். அவன் இடித்துத் தள்ளினான், கொண்டக்டர் உறவு கொண்டாடுகிறார். வேறுபாடு அவ்வளவுதான். ‘அக்கே’, ‘மல்லி’, ‘தம்பி’, ‘மாமா’ என்று மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து பேராதனை போவதற்குள் ஒரு முழுக் குடும்பத்தை உண்டாக்கிவிடுகிறார். தாள்களை நெடுக்காக மடித்து, பெறுமதிவாரியாக விரலிடுக்கில் செருகிய இடக்கையால் மேல்கம்பியையும் பிடித்துக்கொண்டு, “தம்பி, அந்த பேக்கைக் கழட்டிக் கையில வைங்க, அதுக்கும் டிக்கட் எடுக்கல்லதானே” என்கிறார். முதுகிலிருந்த பை காலடிக்கு இறங்க, அங்கே ஒரு முழு மனிதனுக்கு இடம் பிறக்கிறது. அவருக்கு இதில் வருமானம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இலாபமே இல்லாமல் தலைமை தாங்குவதாகச் சொல்கிறவர்களைப் பற்றித்தான் நாம் கூடுதலாக ஆராய வேண்டும். மிச்சக்காசை “இறங்கக்க தாறன்” என்று நிறுத்தி வைப்பது மட்டும் இக்கருதுகோளுக்குச் சற்று இடைஞ்சலானது. அதைத் தொண்டரின் நம்பிக்கையைச் சோதிக்கும் முறை என்று வகைப்படுத்தி மேலே செல்கிறோம்.

இனி ஆளுமை வளர்ச்சி. புட்போட்டில் ஒற்றைக் காலில் தொங்குபவரைக் கவனித்தால், மனித சமத்துவத்தில் அவரைவிட ஆழ்ந்த பற்றுள்ளவரைக் காண முடியாது. “உள்ளுக்கு எவ்வளவு இடம் கிடக்கு, கொஞ்சம் நகர்ந்தா என்ன?” என்பது அவருடைய குரல். அடுத்த தரிப்பிடத்தில் அவர் உள்ளே வந்துவிடுகிறார். அதற்கடுத்த தரிப்பிடத்தில் புதிதாக இருவர் ஏற முனையும்போது, “இதுக்குள்ள இன்னும் எங்க ஏத்துற?” என்ற குரல் கேட்கிறது. ஆள் அதே ஆள். இரண்டு தரிப்பிட தூரத்தில் ஒரு மனிதர் புரட்சியாளராயிருந்து ஸ்தாபனமாக வளர்ந்துவிட்டார். ஆசனமும் கிடைத்தால் வளர்ச்சி பூரணமடையும். ஜன்னல் பக்கம் திரும்பி மகாவலியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கொண்டக்டர் இவ்வளர்ச்சியை நாளொன்றுக்குப் பல தடவை பார்த்தும் எவர் மீதும் கசப்புக் கொள்வதில்லை. ஆசனம் கிடைத்தவரை ஒரு முறைகூட அவர் ஆசனத்தை விடச் சொன்னதில்லை. மடியில் இன்னொருவரின் பையை வைக்கிறார், அவ்வளவே.

கடைசி ஆட்சேபம் பயணிகளுடையது; நியாயமானதும் கூட. கதவை அடைத்துக்கொண்டு நிற்பவர் சுயநலக்காரர் அல்லர், பயந்தவர். நடுவுக்குப் போய்விட்டால் தன் தரிப்பிடத்தில் இறங்க முடியாது என்ற பயம். இதை அறிந்தே கொண்டக்டர் கட்டளையோடு ஒரு வாக்குறுதியையும் சேர்த்துச் சொல்கிறார்: “போங்க, நான் இறக்கி விடுறன்.” உலகத் தலைமைத்துவ இலக்கியத்தில் இவ்வளவு சிறிய, அன்றைக்கே சரிபார்க்கக்கூடிய வாக்குறுதி வேறு இல்லை. பேராதனையில் பஸ் தரிப்பிடத்தைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. நடுவிலிருந்து ஒரு பெண், குடையையும் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, “இறக்கம்!” என்கிறாள். தகரத்தில் ஒரே தட்டு விழுகிறது. கொண்டக்டர் முதலில் தான் கீழே குதித்து, புட்போட்டில் தொங்கிய மூவரையும் இறங்கச் சொல்லி வழி விடுகிறார். மூவரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறார்கள்.