லெகோ வீட்டில் விளக்கு நூர்ந்து நூர்ந்து எரியலாமா?

மட்டக்களப்பில் நத்தார் மாரியோடு வருகிறது. வடகீழ்ப் பருவமழையில் வாவி முட்டி நிற்கும் மாதத்தில் முற்றத்துச் சோடனையை நம்ப முடியாது. ஆகவே இவ்வூரின் அலங்காரக் கலை விறாந்தை மூலையில், பாலன் குடிலைச் சுற்றியே பெரும்பாலும் வளர்ந்தது. 1223-இல் கிரேச்சியோ என்ற இத்தாலிய மலைக்கிராமத்தில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது வைக்கோலும் மாடும் கழுதையும் போதுமாயிருந்தன. அயல்வீடுகள் பிற்காலச் சேர்க்கை. நம்மவர் அவற்றைப் பிஸ்கற் பெட்டியிலும் காட்போட்டிலும் வெட்டி, சன்னலுக்கு நிறத்தாள் ஒட்டி, பின்னால் ஒரு மின்குமிழை வைத்தார்கள். இப்போது கனடாவிலும் சுவிஸிலும் இருந்து வரும் பார்சல்களின் புண்ணியத்தில் அந்த இடத்தை லெகோ கட்டைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெத்லகேமில் தீயணைப்பு நிலையம் எப்படி வந்தது என்ற கேள்வியை விவிலிய அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதைவிடப் பாரதூரமான ஒன்றை: அந்த வீடுகளுக்குள் வைக்கும் விளக்கு நூர்ந்து நூர்ந்து எரியலாமா? கூடாது என்பது இவ்வாய்வின் துணிபு. சன்னலில் வெளிச்சம் தெரியும் வீடு ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்கிறது. அணைந்து அணைந்து எரியும் விளக்கோ சொன்ன சொல்லை விநாடிக்கொரு தடவை வாபஸ் வாங்குகிறது.

முதலில் பொருளின் இயல்பைப் பார்ப்போம். 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இந்தக் கட்டையில் ஒரு குமிழின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் இடையே 8 மில்லிமீற்றர். குமிழின் விட்டம் 4.8. ஆகவே இரு குமிழ்களுக்கு நடுவில் 3.2 மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் ஒழுங்கை ஓடுகிறது. தலைமயிர் போன்ற செப்புக்கம்பியை அந்த ஒழுங்கையால் கொண்டுபோய் மேலே அடுத்த கட்டையை அமர்த்தினால் கட்டை முறையிடாது. சாதாரண வயரை வைத்தால் சுவர் உடனே வாய் பிளக்கும். இன்னொரு சிக்கல், வெளிச்சம் சன்னலோடு நிற்பதில்லை. வெள்ளை, மஞ்சள் கட்டைகள் ஒளியைக் கசிய விடுவதால், காய்ச்சல்காரன் முகம்போல வீடு முழுவதும் சிவந்து நிற்கும். உட்பக்கம் கறுப்புத்தாளோ அலுமினியத்தாளோ ஒட்டினால் வெளிச்சம் சன்னலுக்குத் திரும்பும். இவ்வளவு பாடுபட்டு வயரை மறைத்து, ஒளியைச் சன்னலில் மட்டும் நிறுத்திய ஒருவர், கடைசியில் கடையில் வாங்கிய மினுங்கல் மாலையை உள்ளே திணிப்பதுதான் இந்த ஆய்வைத் தூண்டிய துயரம்.

மினுங்கல் எங்கிருந்து வந்தது? 1882 டிசம்பரில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜோன்சன் நியூயோர்க்கில் தன் வீட்டு நத்தார் மரத்துக்கு 80 மின்குமிழ்கள் கட்டினார். மரத்தை மின்சாரத்தாலேயே சுழலவும் வைத்தார். அது சுழலச் சுழலக் குமிழ்கள் மாறி மாறி நூர்ந்து எரிந்தன. பின்னர் வந்த மாலைகளில் ஒரேயொரு குமிழுக்குள் ஈருலோகத் தகடு இருந்தது. சூடேறினால் அது வளைந்து மின்னோட்டத்தை அறுக்கும், ஆறினால் மறுபடி சேர்க்கும், தொடரிணைப்பில் இருந்த மற்றக் குமிழ்களும் அந்த ஒன்றின் சொற்படி ஆடும். இப்போது அந்த வேலையைப் பொத்தான் வைத்த சிறு பெட்டி செய்கிறது. கவனிக்க வேண்டியது, இந்த வரலாறு முழுவதும் மரத்தின் வரலாறு. மரத்தில் ஆள் குடியிருப்பதில்லை. அது எப்படி மினுங்கினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டின் சட்டம் வேறு. அதற்குச் சான்று தேடி நியூயோர்க் போகத் தேவையில்லை. நம்மூர்க் கலியாண வீட்டைப் பாருங்கள். மதிலிலும் வாசலிலும் நிறக்குமிழ்கள் ஓடிப் பிடித்து விளையாடும், ஆனால் வெங்காயம் வெட்டும் குசினியில் வெளிச்சம் அசையாது நிற்கும். குசினி ரியூப் லைட் மினுங்கத் தொடங்கினால் அதை ஒருவரும் சோடனை என்று சொல்வதில்லை. ஸ்டார்ட்டர் போய்விட்டது என்பார்கள், யாராவது ஒரு கதிரையை இழுத்துப் போடுவார்கள். வெசாக் காலத்திலும் இதே பாகுபாடுதான். வெசாக் பந்தலில் விளக்குகள் ஓடுகின்றன, ஏனென்றால் அது படத்தில் கதை சொல்கிறது. வெசாக் கூட்டுக்குள் ஏற்றிய விளக்கு நின்று எரிகிறது. கடலை நோக்கி நிற்பவற்றுக்கும் இதையே சொல்லலாம். பாலமீன்மடுவில் 1913-இல் கட்டிய வெளிச்சவீட்டின் இனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைவிளக்குகளிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டவே வெளிச்சவீடு விட்டுவிட்டு ஒளிர்கிறது. கப்பலை வீட்டுக்குள் வரச்சொல்லி அது அழைக்கவில்லை. சன்னல் விளக்கோ அழைக்கிறது.

மறுப்புகளில் கெட்டிக்காரத்தனமானது இது: பெத்லகேமில் எண்ணெய் விளக்குத்தானே எரிந்திருக்கும், அது காற்றில் ஆடியிருக்குமே? ஆடியிருக்கும். ஆனால் ஆடுவது வேறு, அணைவது வேறு. கார்த்திகை விளக்கீட்டில் வாசலில் வைத்த சுட்டி மழைக்காற்றில் எவ்வளவு நடுங்கினாலும், அது முழுதாக நூர்ந்தால் யாரோ எழும்பிப்போய் மறுபடி ஏற்றுகிறார்கள். மெழுகுதிரி போல நடுங்கும் எல்ஈடி கிடைக்குமானால் அதற்கு இவ்வாய்வு தடை சொல்லாது. பிள்ளைகளுக்கு மினுங்கல்தான் பிடிக்கும் என்ற மறுப்புக்குக் குடிலின் கூரைவிளிம்பை முழுதாக விட்டுக்கொடுத்துவிடலாம். ‘இது வெறும் விளையாட்டு வீடு, உள்ளே எவருமில்லை, இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி?’ என்பதுதான் சற்றுக் கனமானது. அப்படியானால் கதவுக்கு ஏன் பிணைச்சல்? கூரையில் ஏன் புகைபோக்கி? இதையெல்லாம் பொருத்தியவர் உள்ளே ஆள் உண்டு என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். விளக்குக்கு வந்ததும் பின்வாங்க அவருக்கு உரிமையில்லை. லெகோ நிறுவனத்தையும் இங்கே விட்டுவிட முடியாது. 2009-இல் வந்த அதன் குளிர்காலப் பொம்மைக் கடைத் தொகுப்பில் ஓர் ஒளிக்கட்டை இருந்தது. விரலால் அழுத்திப் பிடிக்கும்வரை எரியும், எடுத்தால் நூரும். நடுச்சாமப் பூசைக்குப் போகும் குடும்பம் ஒரு விரலை வீட்டில் விட்டுப் போவது எப்படி என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நடைமுறைக்கு வருவோம். மாலைப் பெட்டியின் பொத்தானை அமர்த்திக்கொண்டே போனால் நிலையாக எரியும் முறையும் பெரும்பாலும் வரும். ஆனால் கரண்ட் போய்த் திரும்பினால் பல பெட்டிகள் பழையபடி முதலாவது கூத்திலிருந்து தொடங்குகின்றன. 2022-இல் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டையும் கண்ட நாட்டில் அந்தப் பொத்தானை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது. எனவே வீடுகளுக்குத் தனியாக பற்றரி. வெள்ளை எல்ஈடிக்கு ஏறத்தாழ 3 வோல்ற் வேண்டும், தொடராக இணைத்த இரண்டு பென்டோர்ச் பற்றரிகள் அதைத் தரும். ஆறு சன்னலுக்கு ஆறு எல்ஈடி, ஒன்றுக்கு 5 மில்லிஅம்பியர் படி 30. இரவுக்கு 4 மணி நேரமாக டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரை 14 இரவுகள் எரித்தால் 1,680 மில்லிஅம்பியர் மணி. நல்ல அல்கலைன் பற்றரியின் 2,000-க்குள் இது அடங்கும். கடைசி இரண்டு மூன்று இரவுகளில் வோல்ற்றளவு இறங்கி வெளிச்சம் மங்கும் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அது உண்மைதான். ஆனால் அதற்குள் மூவிராசாக்கள் குடிலை நெருங்கியிருப்பார்கள், வழி தேட அவர்களுக்கு நட்சத்திரமும் இருக்கிறது. அந்த நட்சத்திரம் வேண்டுமானால் மினுங்கட்டும்.