பிசிறு கட்டரின் பிடிநலம்: சில தொடக்கக் குறிப்புகள்

பிடி என்ற சொல் தமிழில் படும் பாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். கத்தியில் இருந்தால் கைப்பிடி. தட்டில் விழுந்தால் ஒரு பிடி சோறு. காட்டில் நடந்தால் பெண் யானை. மனசுக்கு ஒத்துப்போனால் ‘பிடிச்சிருக்கு’. நரம்பு இழுத்துக்கொண்டால் ‘பிடிப்பு’. சனிக்கிழமைச் சம்பளத்தில் குறைந்தால் ‘பிடித்தம்’. இவற்றுள் பெண் யானை நீங்கலாக ஏனைய யாவும் திருப்பூர் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் ஒரே வாரத்தில் நிகழக்கூடியவை. ஆதலின் இவ்வாய்வு யானையை விலக்கி மற்றவற்றை எடுத்துக்கொள்கிறது. இதே ஊரில் 1932 ஜனவரியில் தடியடிக்கு நடுவிலும் கொடியை விடாத குமரனின் பிடி ஒன்று உண்டு. அது ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

பிசிறு என்பது யாதோ எனின், ஓவர்லாக்கும் பேட்லாக்கும் தைத்து முடித்த இடத்தில் வால்போலத் தொங்கும் நூல் என்க. கட்டர் என்பது யாதோ எனின், பிசிறை வெட்டுவது. ஒரே எஃகுப் பட்டையை நடுவில் வளைத்து, இரு முனையையும் கூராக்கி எதிரெதிரே நிறுத்தினால் கட்டர். கத்தரி எனில் நடுவில் ஆணி வேண்டாமோ எனின், வேண்டா, வளைவே ஆணி. அமுக்கினால் மூடும், விட்டால் தானே திறக்கும். ரோமானியர் ஆட்டு ரோமம் கத்தரித்தது இதன் பெரிய உருவால். ஜப்பானியத் தையல் பெட்டியில் இன்றும் கிடப்பது இதே உருவம். இரண்டாயிரம் ஆண்டாக மனிதன் இதில் மாற்றியது சொற்பம். அதிகபட்சம் ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு விரல் வளையம்.

கைப்பிடி இன்றியே வெட்ட இயலாதோ என்று ஒருவர் தடை எழுப்பலாம். இயலும். நம் வீட்டு அருவாமனைக்கு ஏது கைப்பிடி? பலகையைக் கால் அமுக்கிக்கொள்கிறது, கத்தரிக்காய் கத்தியிடம் போகிறது. ஓவர்லாக் மிஷினும் அந்த வம்சம்தான். கால் மிதிக்கிறது, துணி உள்ளே போகிறது, உள்ளிருக்கும் கத்தி ஓரத்தை அரிந்து தள்ளுகிறது. மோட்டார் வைத்த அருவாமனை. கட்டிங் மாஸ்டரின் கை மிஷின் வேறு சாதி. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஈஸ்ட்மேன் கம்பெனி 1888-இல் தொடங்கிய பரம்பரை அது. வலக்கை கைப்பிடியில், இடக்கை இரும்பு வலைக் கையுறைக்குள். அடுக்கடுக்காகக் கிடக்கும் துணியை அது அறுத்துக்கொண்டு போகும் அழகுக்குத் தனி நூல் வேண்டும்; இங்கே இடமில்லை.

பிடிகளை வகைப்படுத்தியவர்களில் தலையாயவர் ஜான் நேப்பியர். 1956-இல் எழுதிய கட்டுரையில் மனிதக் கையின் பிடி இரண்டே என்றார்: உள்ளங்கையோடு சேர்த்து இறுக்குவது வல்பிடி, விரல் நுனிகளால் நிறுத்துவது நுண்பிடி. எந்தப் பிடி என்பதைப் பொருளின் வடிவத்தைவிடச் செய்யப்போகும் வேலையே தீர்மானிக்கும் என்றும் சொன்னார். பெரியவர்தான். ஆனால் செக்கிங் மேசைப் பக்கம் அவர் வந்ததில்லை என்பது இரண்டு என்று அவர் நிறுத்திக்கொண்டதிலிருந்தே தெரிகிறது.

செக்கிங் சூப்பர்வைசராகப் பதினொரு ஆண்டு நின்ற கால்களின் சாட்சியாகச் சொல்கிறேன். புதிதாக வருகிற பிள்ளை கட்டரைப் பேனாப்போலப் பிடிக்கும். பத்தாம் வகுப்பு விட்ட வாசனை. ஒரு மாதத்தில் அது உள்ளங்கைக்குள் இறங்கிவிடும்; கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல, நசுங்காமலும் பறக்காமலும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் மூன்றாவது பிடி தெரியும். மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டரை உள்ளங்கையில் மடித்து வைத்திருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பனியனைப் புரட்டி, கழுத்து ரிப்பைத் தடவி, பக்கத் தையலை இழுத்துப் பார்க்கும். ஒரே கையில் இரண்டு விரலுக்கு வல்பிடி, இரண்டு விரலுக்கு நுண்பிடி. நடுவிரல் இரு கட்சிக்கும் பொது. வெட்டுவதோ கண் இமைக்கும் நேரம். ஆகவே கைப்பிடி சுகமா என்பதை வெட்டும்போது கேட்பது பிழை. வெட்டாதபோது கேட்க வேண்டும். இதுவே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. கண்டு‘பிடி’ப்பு என்பதிலும் பிடி உண்டென்று நச்சினார்க்கினியரைப்போல் இழுத்துச் சேர்த்துக்கொள்க.

இனி விசைக் கணக்கு. கணக்குக்காக ஒரு பீஸுக்கு 8 பிசிறு, ஒரு நாளைக்கு 500 பீஸ் என்று வைத்தால் 4,000 அமுக்கு. கட்டரின் சுழல்புள்ளி பின்வளைவில் இருப்பதால், வளைவை ஒட்டிப் பிடித்தால் அதிக பலம் வேண்டும், அலகுப் பக்கம் தள்ளிப் பிடித்தால் குறைவாகப் போதும். அப்படியே முன்னே போய்க்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் பிசிறோடு விரலும் வெட்டுப்படும். நடுவில் எங்கோ ஒரு புள்ளி இருக்கிறது. கட்டர் செய்தவருக்கு அது தெரியாது. கட்டைவிரலில் காய்ப்பு விழுந்த இடம் பார்த்தால் தெரியும்.

பங்குனி வெயிலில் வெறும் எஃகு வியர்வையில் வழுக்கும். அதனால் கட்டருக்குத் துணி சுற்றுவார்கள். துணிக்கா பஞ்சம்? இதில் சிங்கிள் ஜெர்சி ஆகாது. நாடாவாகக் கிழித்து இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறாகிவிடும். சுற்றினால் வரப்பு வரப்பாக நின்று தோலை உறுத்தும். இன்டர்லாக் பரவாயில்லை, ஆனால் தடிமன். ரிப்தான் ராஜா. சுருளாது, இழுத்த இழுப்புக்கு வந்து திரும்பக் கவ்வும், வியர்வையையும் குடிக்கும். இரண்டு சுற்றா மூன்று சுற்றா என்பது அவரவர் கைரேகை. செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவரிடம், சுற்றைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கட்டரைக் கேட்டேன்.

“எம்பட கட்டரைத் தர மாட்டனுங்க. வேணும்னா மாமியாளைத் தர்றேன், கூட்டிட்டுப் போங்க.”

இத்தனை சுகத்துக்கும் எதிரி ஒரு கயிறு. ஏற்றுமதி கம்பெனிகளில் கூர்க்கருவி ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, மேசையோடு நாடாவால் கட்டி, காலையில் கொடுத்து மாலையில் வாங்கிப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஊசி முறிந்தாலும் துண்டுகளை ஒட்டவைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் இரும்பு போய்விடக் கூடாதல்லவா, நியாயம்தான். ஆனால் கயிறு இழுக்கும்போது மோதிர விரல் எதிர் இழுக்கும். மடித்து வைத்த சுகம் போய்விடும், மணிக்கட்டில் பிடிப்பு வரும். இது எந்த ஆடிட் படிவத்திலும் கேட்கப்படாத கேள்வி.

நான் இருந்த கம்பெனி ஒன்றில் ஒரு சாயங்காலம் 14-ஆம் எண் கட்டர் திரும்பவில்லை. மேசையில் அறுந்த நாடா மட்டும் தொங்கியது. வேலையை நிறுத்தினோம். கூடைகளைக் கவிழ்த்தோம், ஒட்டிய அட்டைப் பெட்டிகள் மூன்றைப் பிரித்தோம், பீஸ்களை மறுபடியும் மெட்டல் டிடெக்டரில் விட்டோம். எல்லோரையும்விட அதிகமாகத் தேடியது அந்த அக்காதான். இரு கையாலும் பனியன்களை வாரிவாரிப் போட்டார். கடைசியில் கைமடி வேலைக்கு வந்திருந்த சின்னப் பெண், “ஏனுங்கக்கா, உங்க கைக்குள்ள என்னுங்க?” என்றாள். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் அடியில், ரிப் சுற்றிய 14.

நாடாவை எதைக்கொண்டு அறுத்தீர்கள் என்று பதிவேட்டில் எழுதக் கேட்டேன். “இதைக்கொண்டுதானுங்க” என்றார். அந்தச் சனிக்கிழமை பிடித்தம் 40 ரூபாய், நாடாவுக்கு.