திங்கட்கிழமை செஸ்ட்

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஜிம்முக்குள் நுழைந்தாலும் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். ஒரு பக்கம் ஆஞ்சநேயர், மறுபக்கம் ஆர்னால்டு, நடுவில் அட்டவணை. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி கால், சனி வயிறு, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை சாயங்காலம் பெஞ்ச் பிரஸ் அடிக்க வரிசை நிற்கும். ஒருவர் எழுந்தால் ரெக்ஸினில் அவருடைய முதுகின் அச்சு வியர்வையில் அப்படியே இருக்கும்; அடுத்தவர் அதைத் துடைக்கக்கூடப் பொறுமையில்லாமல் அதன்மேல் படுத்துவிடுவார். அதே ஜிம்மில் வெள்ளிக்கிழமை ஸ்குவாட் கம்பியில் யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருக்கும். கால் பேன்ட்டுக்குள் இருக்கிற சமாச்சாரம். ஆகவே அதற்கு ஒதுக்கிய நாளில்தான் ஊரில் எல்லாருக்கும் கல்யாண ரிசப்ஷன் வருகிறது.

காலைக் கைவிடுவதையாவது மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது நாலாவது வாரத்தில் நடக்கிறது. மூன்று வாரம் பக்தியோடு அட்டவணையைப் பின்பற்றியவர் கண்ணாடியில் பார்க்கிறார். தோள் அப்படியே இருக்கிறது. ‘இது நமக்கு செட் ஆகல’ என்று முடிவு கட்டுகிறார். அன்றிரவே யூடியூப்பில் ஒரு தம்பி சட்டையில்லாமல் வந்து, இதுவரை செய்ததெல்லாம் தப்பு, தள்ளுவது ஒருநாள், இழுப்பது ஒருநாள், கால் ஒருநாள் என்று பிரிக்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதம் இன்னொருவர் மேலுடம்பு, கீழுடம்பு என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார். அதற்கடுத்த மாதம் பிரிப்பதே பாவம், முழு உடம்புக்கும் ஒரே நாளில் வேலை கொடு என்கிறார் மூன்றாமவர். முறுக்கேறிய உடம்பு வேண்டும் என்று கிளம்புகிறவர்களைக் கெடுப்பது சோம்பல் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. சோம்பலைவிட அதிகம் கெடுப்பது அட்டவணை மாற்றும் இந்தச் சுறுசுறுப்பு.

தசைக்கு என்ன வேண்டும் என்பது ஒன்றும் சிதம்பர ரகசியம் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் அடிபட்ட சிப்பாய்களின் கால்களைத் தேற்ற வேண்டியிருந்தது. ஒருவரால் பத்துத் தடவைக்குமேல் தூக்க முடியாத எடை எது என்று பார்த்தார். அதைத் தூக்க வைத்தார். தேறத் தேற எடையைக் கூட்டினார். 1945-ல் இதை எழுதி வெளியிட்டார். இன்று ஜிம்மில் ‘செட்’, ‘ரெப்ஸ்’ என்று நாம் எண்ணுகிற கணக்கில் அவர் கைரேகை இருக்கிறது. இதே விஷயம் கிரேக்கக் கதை ஒன்றிலும் உண்டு. சுமார் 2,500 வருஷத்துக்கு முந்தைய மல்லன் மைலோ ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கி வந்தானாம். கன்று காளையானபோது அவன் காளையைத் தூக்கினானாம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, ஒன்றைக் கவனிக்கலாம்: மைலோ கன்றை மாற்றவில்லை. திங்கள் கன்று, செவ்வாய் ஆட்டுக்குட்டி, புதன் வாத்து என்று போயிருந்தால் அவன் பெயர் கால்நடைத் துறையில்கூட நிலைத்திருக்காது.

மிச்சமெல்லாம் சில்லறைச் சண்டை. கனத்த எடையை எட்டுத் தடவை தூக்குவதா, இலேசான எடையை முப்பது தடவை தூக்குவதா என்று ஜிம்முக்கு ஜிம் கோஷ்டி உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-ல் கணக்குப் பார்த்ததில், இனி ஒரு தடவைகூட முடியாது என்கிற எல்லைவரை போனால் தசை பெருப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பலம் கூடுவதில் மட்டும் கனத்த எடை முந்துகிறது. ஒரு தசைக்கு வாரத்தில் ஒருநாளைவிட இரண்டு நாள் வேலை கொடுப்பது மேல் என்று 2016-ல் இன்னொரு தொகுப்பு சொன்னது. அப்படியானால் நெஞ்சுக்கு வாரம் ஒருநாள் ஒதுக்கும் சுவர் அட்டவணையையே மாற்றத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம். மாற்றுங்கள், ஒரு தடவை.

மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன நஷ்டம் என்பதற்கு உடம்பு பதில் வைத்திருக்கிறது. புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கியதும் முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் தசையிலிருந்து வருவதில்லை. நரம்புகள் வேலை பழகுவதிலிருந்து வருகிறது. மோரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1979-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். தசை பெருப்பது அதற்குப் பின்னால் வரும் காரியம். புதிய வேலை தசை இழைகளில் சேதமும் உண்டாக்குகிறது. பயிற்சிக்குப் புதியவர்களை வைத்து 2016-ல் பிரேசிலில் நடந்த ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் உடம்பு கட்டும் புதுப் புரதம் அந்தச் சேதத்தைப் பழுதுபார்ப்பதிலேயே பெரிதும் செலவானது. சேதம் குறைந்த பிறகுதான் அது வளர்ச்சிக் கணக்கில் ஏறியது. இப்போது நம் நாலு வாரத்து ஆசாமியைப் பாருங்கள். நரம்பு பழகி, சேதம் அடங்கி, தசை வளர ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிற அதே வாரத்தில் அட்டவணையைக் கிழித்துப் போடுகிறார். மாதாமாதம் வாடகை வீடு மாறும் குடும்பம்போலத்தான்: மிளகாய்த்தூள் டப்பா எந்த மூட்டையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நேரத்தில் வாசலில் அடுத்த லாரி நிற்கிறது.

இதில் வேடிக்கை, மாற்றுகிறவருக்கு வேலை நடப்பதாகவே தோன்றும். காரணம் வலி. பழக்கமில்லாத வேலை செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு வலிக்கும். அதே வேலையை மறுபடி செய்தால் வலி குறைந்துவிடும். உடம்பு கற்றுக்கொண்டதற்கு அது சாட்சி. நம் ஆட்களுக்கோ வலி இல்லாவிட்டால் துக்கம். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்றால்தான் நேற்று உழைத்த திருப்தி. அந்த ‘அம்மா’வுக்காகவே புதுப் பயிற்சி தேடுகிறார்கள். வலியைத் தசை வளர்ச்சிக்கு அளவுகோலாக வைத்தால், வாழ்நாளில் முதல் முறையாகக் களை பறிக்கப் போனவர்தான் ஊரிலேயே பெரிய பயில்வான்.

புதுமை வேண்டும் என்ற இந்த நமைச்சலைக் கிளப்பிவிட்டவர்கள் வியாபாரிகள். குற்றமாகச் சொல்லவில்லை, ‘செய்ததையே செய்’ என்று எழுதி எத்தனை புத்தகம் விற்க முடியும்? 1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி நடத்தி, நடுவராக ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலையே உட்கார வைத்த யூஜின் சாண்டோ, மேடையில் பெரும் எடைகளைத் தூக்கினார்; பொதுமக்களுக்கு விற்றதோ இலேசான டம்பெல்லும் பயிற்சிப் புத்தகமும் கோக்கோவும். 1905-ல் இந்தியாவைச் சுற்றியபோது பெயரை இங்கே விட்டுவிட்டுப் போனார். படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு அது பட்டமாயிற்று, நமக்கெல்லாம் பனியனாயிற்று. சாண்டோவுக்குப் பின் வந்த சார்லஸ் அட்லஸ், எடையே வேண்டாம், உங்கள் தசையோடு உங்கள் தசையே மோதட்டும் என்று தபாலில் பாடம் அனுப்பினார். நம் காலத்தில் பாடமும் வேண்டாம், செருப்பு போதும் என்றார்கள். ரீபாக் நிறுவனம் ஒரு ஷூவைப் போட்டு நடந்தாலே பின்புறத் தசை 28 சதவீதம் கூடுதலாக உறுதிப்படும் என்று விளம்பரம் செய்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஆதாரம் கேட்டது. 2011-ல் நிறுவனம் இரண்டரைக் கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் அதே மாதிரி ஷூவுக்காக ஸ்கெச்சர்ஸ் நாலு கோடி டாலர் கொடுத்தது. அந்த ஷூக்களால் உறுதியாகத் தேறியது வழக்கு மட்டும்தான்.

திட்டம் வாங்குவதே ஒரு சுகம், அதைச் செய்ய வேண்டும் என்பது தனி. டெல்லாவின்யா, மால்மென்டியர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவைப் புரட்டி 2006-ல் எழுதினார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதம் சராசரியாக நாலு தடவைதான் எட்டிப்பார்த்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பக்கத்திலேயே பத்து தடவைக்கான அட்டை தடவைக்கு 10 டாலருக்குக் கிடைத்தது. ஏமாற்றியவர் யாருமில்லை. சந்தா கட்டும் நேரத்தில் கட்டுகிறவர் மனதில் ஜிம்முக்குப் போனவர் வேறொரு ஆள்.

வயிற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சனிக்கிழமைக்கு அட்டவணையில் நியாயமே கிடையாது. 1984-ல் கேட்ச் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆட்களை 27 நாளில் 5,004 சிட்-அப் எடுக்க வைத்தார்கள். கொழுப்புச் செல்கள் கொஞ்சம் சுருங்கின. வயிற்றில் எவ்வளவோ அவ்வளவேதான் முதுகிலும் பிட்டத்திலும். தொப்பை எந்தத் தசைக்கு மேலே குடியிருக்கிறது என்பதைக் கொழுப்பு பொருட்படுத்துவதில்லை. தசை தெரிய வேண்டுமானால் மேலே உள்ள போர்வை மெலிய வேண்டும். அது சாப்பாட்டுத் தட்டில் நடக்கிற வேலை. பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் சொச்சம் புரதம் போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் ஆகிறது. நாலு இட்லியில் எட்டு கிராம் தேறினால் அதிகம். சாம்பாரில் பருப்பைத் தேடிப் பார்த்தவர்களுக்கு மீதிக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே அட்டவணை என்றால் சலிப்புத் தட்டாதா என்பது வலுவான ஆட்சேபம். ஆய்வும் அதற்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற இளைஞர்களில் ஒரு குழு எட்டு வாரமும் அதே பயிற்சிகளைச் செய்தது. இன்னொரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு செயலி கலைத்துக் கலைத்துக் கொடுத்தது. தசையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கலைத்துச் செய்தவர்களுக்கு உற்சாகம் கூடியிருந்தது. ஒப்புக்கொள்கிறேன். உற்சாகம் குறைந்து வீட்டில் உட்காருவதைவிட, கைக்கான பயிற்சியில் ஒன்றை மாற்றிக்கொண்டு ஜிம்முக்குப் போவது நல்லது. தோள்மூட்டு வலித்தால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் அந்தக் குழு கலைத்தாலும் பயிற்சியை நிறுத்தவில்லை என்பதை மறக்கக் கூடாது. நம் ஆள் அட்டவணை மாற்றும்போது புது அட்டவணை வரும் திங்கட்கிழமைதான் ஆரம்பம் என்று நடுவில் நாலு நாள் விழுங்கிவிடுகிறார். ‘மாஸ்டர், ஷெட்யூல் மாத்திக் குடுங்க’ என்று வந்து நிற்பவரிடம் ‘தம்பி, இன்னும் ரெண்டு மாசம் இதையே அடிங்க’ என்று சொல்லுகிற மாஸ்டருக்குக் கட்டணத்தைக் கூட்டியே கொடுக்கலாம்.

சூர்யாவுக்கு வந்ததே என்பது அடுத்த ஆட்சேபம். 2008-ல் ‘வாரணம் ஆயிரம்’ வந்த பிறகு சிக்ஸ் பேக் நம் ஊர் இளைஞர்களின் கனவுப் பட்டியலில் சொந்த வீட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அவர் செய்த பயிற்சி கிடைத்தால் அவர் உடம்பும் கிடைக்கும் என்பது எண்ணம். நடிகருக்கு உடம்பு அந்த வருஷத்து உத்தியோகம் என்பதை விடுங்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் 585 பேருக்கு ஒரே பயிற்சியைப் பன்னிரண்டு வாரம், ஒரு கைக்கு மட்டும் கொடுத்தார்கள். சிலருக்குத் தசை இரண்டு சதவீதம் குறைந்தது. இன்னொரு கோடியில் 59 சதவீதம் கூடியது. அட்டவணை ஒன்று, கை வேறு. அப்படியானால் என் கைக்கு ஏற்ற அட்டவணையைத் தேட வேண்டாமா என்பீர்கள். தேடலாம், ஆனால் ஏற்றதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே அந்தப் பன்னிரண்டு வாரம் அதோடு குடும்பம் நடத்தியாக வேண்டும்.

கடைசியில் வருவது வயது. முப்பத்தைந்து தாண்டியாச்சு, இனி எங்கே என்கிறார்கள். 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழுவினர் முதியோர் இல்லத்திலிருந்து பத்துப் பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் 86-க்கும் 96-க்கும் இடைப்பட்டவர்கள், நடமாடவே சிரமப்படுகிறவர்கள். கொடுத்தது ஒரே பயிற்சி: உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடை தூக்குவது. எட்டுத் தடவை, மூன்று செட், வாரத்தில் மூன்று நாள், எட்டு வாரம். தேறத் தேற எடை மட்டும் கூடியது. முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது, நடுத்தொடைத் தசை 9 சதவீதம் பெருத்தது, இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். எட்டு வாரமும் அட்டவணையை யாரும் மாற்றவில்லை. 1990-ல் யூடியூப் கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.