கனவான்கள் காசு வாங்குவதில்லை

இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடியவர்கள் இரண்டு சாதி. சும்மா ஆடுகிறவர் கனவான். கூலிக்கு ஆடுகிறவர் வெறும் ஆட்டக்காரர். ஒரே அணி, ஒரே பந்து. ஆனால் உடை மாற்ற வேறு அறை, களமிறங்க வேறு வாசல். ஸ்கோர் அட்டையில் கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், கூலிக்காரருக்குப் பின்னால். லார்ட்ஸ் மைதானத்தில் ஒருமுறை டிட்மஸ் என்ற இளைஞரின் இனிஷியல் தப்பித்தவறி முன்னால் அச்சாகிவிட்டது. ஒலிபெருக்கியில் திருத்தம் சொல்லி மானத்தைக் காப்பாற்றினார்கள். இரட்டைக் குவளையை நம்மூர் டீக்கடைக்காரர்தான் கண்டுபிடித்தார் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

டபிள்யூ. ஜி. கிரேஸ் தாடி வைத்த டாக்டர், கனவான்களுக்கெல்லாம் கனவான். 1873-74இல் ஆஸ்திரேலியா போய் ஆடக் கூலிக்காரர்களுக்குத் தலைக்கு 170 பவுண்டு. சும்மா ஆடிய கிரேஸுக்கு 1,500 பவுண்டு, செலவு தனி. இப்படிச் சும்மா ஆட யாருக்குக் கசக்கும்?

அந்தச் சாதியில் நல்ல மனிதர் ஒருவர் சென்னைக்கு வந்தார். சி. பி. ஜான்ஸ்டன்: கேம்பிரிட்ஜ் படிப்பு, கென்ட் அணிக்கு ஆட்டம், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம். பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த மாகாண ஆட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் தலைமை தாங்கியவர். திருவல்லிக்கேணிப் பையன் எம். ஜே. கோபாலன் பந்து வீசுவதைப் பார்த்து, தன் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியது அந்தக் கோபாலன்தான். இதற்காக ஜான்ஸ்டனுக்கு ஒரு கும்பிடு போடலாம், போட்டுவிட்டேன். ஆனால் வேலை நாளில் வெயிலில் நின்று ஆட, மாதச் சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் வாங்கி விளக்கேற்றிய ஊரெல்லாம் சேர்ந்துதான் அந்த இலவச ஆட்டத்துக்குப் படி அளந்தது.

எங்கள் பக்கத்து மலையில் இருந்த துரைமார்கள் இன்னும் வசதியானவர்கள். மூணாறு தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகச் சீமைக்குப் போனது. பெட்டிக்குக் கம்பிப் பாதை. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்களுக்கு ஒற்றையடிப் பாதை. கங்காணியிடம் முன்பணம் வாங்கியவன் சொல்லாமல் மலை இறங்கினால் ஜெயிலுக்கு அனுப்ப 1859ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. மூணாறு இருந்த திருவிதாங்கூரும் தன் பங்குக்கு அதே மாதிரி ஒன்று வைத்திருந்தது. கீழே லயத்தில் ஆளைப் பூட்டிவிட்டு மேலே கிளப்பில் விளையாடினால் ஆட்டத்தில் நேர்மை தானாக வரும்.

மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பில் முப்பது வருஷம் தோட்டம் பார்த்த துரையின் தொப்பியைச் சுவரில் மாட்டி வைப்பது மரபு. இன்றும் தொங்குகின்றன, பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பது வருஷம் ஒருத்தியின் நெற்றியில் தழும்பு போட்ட கூடைக் கயிற்றுக்கு அங்கே ஆணி இல்லை.

1962இல் இங்கிலாந்துக்காரனே வெட்கப்பட்டு இந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டான். நடுத்தெருவில் நின்ற கனவானை நாம் தத்தெடுத்துக்கொண்டோம். 2008இல் இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு ஐ.பி.எல். சென்னை அணியை ஏலத்தில் எடுத்தது. கம்பெனியின் அன்றைய அதிபர் என். சீனிவாசன் கிரிக்கெட் வாரியத்திலும் பொறுப்பில் இருந்தார். கௌரவப் பதவி, பைசா சம்பளம் கிடையாது. வாரியப் பொறுப்பில் இருப்பவர் ஆட்டத்தில் காசு பார்க்கக் கூடாது என்ற விதி இடித்தது, விதியைத் திருத்தினார்கள். 2013இல் மருமகன் குருநாத் மெய்யப்பன் பந்தய வழக்கில் கைதானார். அணிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டபோது வந்த பதில்தான் அற்புதம்: அவர் முதலாளியும் இல்லை, நிர்வாகியும் இல்லை, வெறும் கிரிக்கெட் ஆர்வலர். விசாரித்த முத்கல் குழு அதை நம்பவில்லை. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திருத்திய விதியைத் தூக்கி எறிந்தது. ஜூலையில் லோதா குழு ஆர்வலருக்கு ஆயுள் தடையும் அணிக்கு இரண்டு வருஷ விடுப்பும் கொடுத்தது.

அதனால் ஆர்வம் குறைந்துவிடவில்லை. உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரை ஃபிளெக்ஸைப் பாருங்கள்: தொழிலதிபரும் சமூக ஆர்வலரும் விளையாட்டு ஆர்வலருமான அண்ணன் அவர்கள். என்ன தொழில் என்று ஃபிளெக்ஸ் சொல்லாது. ராத்திரியில் போகும் லாரி சொல்லும். வற்றிய கண்மாயில் டென்னிஸ் பால் போட்டி. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி முதல் பந்தை ஆட வருவார். ஸ்டம்ப் எகிறினால் அது நோ பால். கோப்பையில் இருப்பது தாத்தா பெயர், தாத்தா பேட் பிடித்ததாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. கைதட்டுகிறோமே, நம்மைச் சொல்ல வேண்டும்.

பந்து போட்ட பையனின் அம்மா அந்நேரம் ஏலத்தோட்டத்தில் இருப்பாள். விடியுமுன்னே கிளம்பும் ஜீப்பில் ஆட்டுக்கிடை மாதிரி நெருக்கியடித்து, கம்பம்மெட்டோ போடிமெட்டோ ஏறிப் போயிருப்பாள். ஜீப் உருண்டால் மறுநாள் பேப்பரில் நாலு வரி, மாலையோடு அதே அண்ணன். சம்பளம் வாங்காமல் வருவார்.

அதே 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நாள் கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள். பத்து சதவீதமாகக் குறைத்த போனஸை இருபதாகக் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களும் ஊதியம் வாங்காத சேவகர்கள்தானே, ஆதரவு தெரிவிக்க ஓடிவந்தார்கள். பெண்கள் விரட்டி அடித்தார்கள். போனஸ் கிடைத்தது. 500 கிடைக்கவில்லை, பேசிப் பேசி 301 ஆனது. தொழில் நொடித்துப் போய்விடும் என்றார்கள் தோட்ட முதலாளிகள்.

நொடித்த தொழிலுக்கு இன்னொரு உதாரணமும் அந்த வருஷமே கிடைத்தது. இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியைத் தன் துணைக் கம்பெனிக்கு மாற்றியபோது காட்டிய மதிப்பு 5 லட்சம் ரூபாய். கோடியில்லை, லட்சம். கிரிக்கெட் வாரியமே திகைத்துப் போய்க் கேள்வி கேட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 232 ரூபாய்க்காரிகள் 2,156 பேர் ஒரு நாள் கூலியைப் போட்டிருந்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் அவர்களுடையது. ரோட்டில் அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். விலை இவ்வளவுதான் என்று ஒரு ஆர்வலரும் போய்ச் சொல்லவில்லை.