தொண்ணூறாம் நாள் புன்னகை

சிறுதொழில்காரருக்கு மார்க்கெட்டிங் சொல்லித்தர இப்போது கோட்டு போட்டவர்கள் நிறைய வருகிறார்கள். மனப்பான்மையை மாற்றினால் வியாபாரம் தானாகப் பெருகுமாம். பெரியநாயக்கன்பாளையத்து லேத் பட்டறைக்காரர் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து தருபவர். வாடிக்கையாளரே இரண்டு மூன்று கம்பெனிதான். ரீல்ஸ் பார்த்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிறவர் வண்டியை நிறுத்தி அரை டஜன் ஷாஃப்ட் வாங்கப்போவதில்லை. அவருடைய விளம்பரம் மைக்ரோமீட்டரில் இருக்கிறது. அரை முடி கனம் பிசகினால் சரக்கு திரும்பி வரும்.

வசூல்தான் வேறு கதை. சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி. கேட்கலாம்தான். கேட்டவருக்கு அடுத்த ஆர்டர் யார் தருவது? ஆகவே தொண்ணூறாம் நாள் போனை எடுக்கிறார்.

"ஏனுங்ண்ணா, நம்ம பில்லக் கொஞ்சம் பாத்து உடுங்."

"அக்கவுண்டன்ட் லீவுங்."

"செரீங்ண்ணா, மெதுவாப் பாருங்" என்று சிரித்துக்கொண்டே வைக்கிறார்.

இவருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மனப்பான்மை வகுப்பு. கட்டணம் மட்டும் முன்கூட்டியே ஜிபேயில், கடன் கிடையாது.