கரை சேர்ந்த துக்கம்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். கப்பல் கவிழாமல், ஒரு கீறல்கூட விழாமல், சொன்ன நாளில் சொன்ன மணிக்குக் கரை சேர்ந்துவிட்டதே என்று கன்னத்தில் கை வைத்து உட்காருகிற மனிதர்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அப்படிப்பட்டவர்களைப் பார்க்க ஆசையிருந்தால் இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனில், காலை ஏழரை மணிக்குக் கட்டியிருக்கும் ஏதாவதொரு சொகுசுக் கப்பலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பதினான்கு நாள் மதீரா, தெனெரீஃப், லான்சரோட்டி என்று சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து சேர்ந்த கப்பல். பெட்டியில் கட்டியிருக்கும் அட்டையின் நிறத்தைச் சொல்லி ஒவ்வொரு கூட்டமாக இறங்கச் சொல்வார்கள். தம்பதிகள் தங்கள் நிறத்துக்கு முன்னாலேயே எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். குடும்பஸ்தர்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊதா நிறத்தை அழைத்த பிறகும், "நீங்கள் போங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை" என்று பக்கத்திலிருப்பவருக்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். நம் கதாநாயகர் அவர்தான்.

தனிக்கப்பல்காரர் என்று இவரை அழைக்கலாம். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். தலைமையாசிரியை, செவிலியர், நகராட்சிக் கணக்கர் என்று ஏதோவொரு பொறுப்பான உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். துணையை இழந்தவராக இருக்கலாம். துணையே வேண்டாமென்று இருந்துவிட்டவராக இருக்கலாம். கடல் என்றாலே குமட்டும் கணவரை நாய்க்குத் துணையாக வீட்டில் விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். முகமலர்ச்சியில் இந்த மூன்றாவது வகையை யாரும் மிஞ்ச முடியாது. இவரைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. "பாவம், யாருமில்லை, தனியாகப் போகிறார்" என்பது ஒன்று. "காசு கொழுத்துப்போய்ச் சுற்றுகிறார்" என்பது மற்றது. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. இவர் தனிமையைத் தேடியும் போகவில்லை, தனிமைக்குப் பயந்தும் போகவில்லை. தனக்குச் சொந்தமில்லாத மனிதர்களைத் தேடிப் போகிறார். வேண்டும்போது எட்டுப் பேர் உட்காரும் மேசை, வேண்டாதபோது தாழ்ப்பாள் போட்ட கதவு: இந்த ஏற்பாட்டை நிலத்தில் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

முதலில் பணத்தைப் பார்ப்போம். வாய் சொல்வதைவிடப் பர்ஸ் சொல்வது நம்பகமானது. கப்பல் அறைகளின் கட்டணம் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் போடப்படுவது. ஒருவர் மட்டும் எடுத்தால் கூடுதல் கட்டணம் உண்டு. பல கப்பல்களில் அது இரண்டாவது ஆளின் முழுக் கட்டணம் வரை போகும். வந்திருந்தால் அந்த இரண்டாவது ஆளும் மதுக்கூடத்தில், சூதாட்ட மேசையில், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பஸ்ஸில் செலவு செய்திருப்பார் அல்லவா? வராத ஆள் குடிக்காத ஒயினுக்கும் சேர்த்துத்தான் வசூல். ராயல் கரீபியன் நிறுவனம் இதில் ஒரு நேர்மையைக் கடைப்பிடிக்கிறது: வழக்கமான பயணிகளுக்கு இரவுக்கு ஒரு புள்ளி கொடுத்தால், இரட்டை அறையைத் தனியாக எடுத்தவருக்கு இரண்டு கொடுக்கும். வராதவர் சம்பாதித்த புள்ளியும் வந்தவர் கணக்கில் ஏறும். இப்படி, சேர்ந்து வந்த தம்பதிகளைவிட வேகமாக நம்மவர் உறுப்பினர் படிகளில் ஏறிவிடுகிறார். அதை மேசையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் சொல்லியும்விடுகிறார். யாருமில்லையே என்று ஏங்குகிறவர் கட்டிலின் மறுபாதிக்கு முழுக் கட்டணம் கட்டி அதைக் காலியாக வைத்திருப்பாரா? இவர் காசு கொடுப்பதே அது காலியாக இருப்பதற்குத்தான்.

சரி, அப்படியானால் தனிமைப் பிரியர்தானே என்று கேட்கலாம். அதுவுமில்லை. நார்வீஜியன் எபிக் என்ற கப்பல் 2010இல் ஓடத் தொடங்கியபோது தனியாக வருபவர்களுக்கென்றே 128 சிற்றறைகளோடு வந்தது. ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. கடல் பார்க்கும் ஜன்னல் கிடையாது. உள்ளேயிருந்து நடைபாதையில் போகிறவர்களைப் பார்க்க ஒரு வட்டக் கண்ணாடி உண்டு, வெளியேயிருந்து உள்ளே பார்க்க முடியாது. தனிக்கப்பல்காரரின் மனதைப் படித்தவர் யாரோதான் அந்தக் கண்ணாடியை வரைந்திருக்க வேண்டும். அதோடு, அந்த அறைக்காரர்கள் மட்டும் கூடிப் பேச ஒரு தனிக் கூடமும் வைத்தார்கள். தனிமைதான் வேண்டுமென்றால் கூடம் எதற்கு? குனார்ட் நிறுவனத்தின் குவீன் மேரி 2 கப்பலில் 2016இல் 15 ஒற்றை அறைகள் சேர்த்தார்கள். குனார்ட் கப்பல்களில் துணையில்லாமல் வரும் பெண்களோடு நடனமாடுவதற்கென்றே பக்குவமான வயதில் சில கனவான்களை வைத்திருப்பது பழைய வழக்கம். ஒருவரோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் எல்லோரோடும் முறைபோட்டு ஆட வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. ரேஷன் கடை நியாயம்தான். ஆனால் நம்மவர் கேட்பதும் அவ்வளவுதான்: ஒரு வால்ட்ஸ், ஒரு நன்றி, பிறகு அவரவர் நாற்காலி.

இப்போது கடைசி இரவுக்கு வருவோம். பிஸ்கே வளைகுடாவில் ஆடிவிட்டுக் கப்பல் ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைகிற நேரம். பல கப்பல்களில், அறையைக் கவனிக்கும் பணியாளர் துவாலையை மடித்து அன்னமோ யானையோ செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். துவாலைக் குரங்கு ஒன்று சட்டை மாட்டும் கொக்கியில் தொங்கும், கண்ணுக்கு நம்மவரின் மூக்குக்கண்ணாடியையே மாட்டியிருப்பதும் உண்டு. கடைசி இரவில் குரங்கு வராது. அதன் இடத்தில் ஊதா நிற அட்டை கிடக்கும். பெட்டியை அடைத்து இரவுக்குள் வாசலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலைக்கு வேண்டியதை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாளை போட்டுக்கொள்ள வேண்டிய கால்சட்டையையும் சேர்த்துப் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டு இரவு உடையில் நிற்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் உண்டு. தம்பதிகளில் ஒருவர் மற்றவரைக் கேட்பார். இவரைக் கேட்க ஆளில்லை. அதனால் இவர் பட்டியல் போட்டு வைத்திருப்பார், பட்டியலையும் தவறாமல் பெட்டிக்குள் வைத்துவிடுவார். இரவுச் சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேரும் தொலைபேசி எண் மாற்றிக்கொள்வார்கள். "கட்டாயம் சந்திக்க வேண்டும்" என்பார்கள். டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரும், அதற்கு அடுத்த டிசம்பரில் வராது. இதில் யாருக்கும் மனவருத்தம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தமே பதினான்கு நாளைக்குத்தான்.

காலையில் பார்த்தால், கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் எப்படியோ அப்படி. எட்டு மணிக்கு அறையைக் காலி செய்தாயிற்றா என்று பார்க்கிறார்கள். நேற்றுவரை பேர் சொல்லி அழைத்துக் காப்பி ஊற்றியவர் இன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விரிப்புகளை உருவிக்கொண்டிருக்கிறார். அடுத்த முகூர்த்தக்காரர்கள் மதியமே வந்து ஏறிவிடுவார்கள். மாலையில் கப்பல் மறுபடி கிளம்பிவிடும். பணியாளர் மீது குற்றமில்லை. சில மணி நேரத்தில் ஒரு சிற்றூரையே காலி செய்து மறுபடி நிரப்ப வேண்டும். குற்றம் இந்த வகைப் பயணத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆளில்லாமல் கப்பல் சும்மா கிடக்கிறதே என்று ஜெர்மானியரான ஆல்பர்ட் பாலின் 1891 ஜனவரியில் ஆகஸ்டா விக்டோரியா கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசமாக அனுப்பினார். அதுவரை பெரிய கப்பல் என்றால் பெரும்பாலும் ஓர் ஊரில் ஏறி வேறோர் ஊரில் இறங்குவது. அதற்குப் பிறகு, ஏறிய இடத்திலேயே இறங்குவதற்காக ஏறுவது என்ற பழக்கம் வேரூன்றியது. சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாத பயணத்தில், சேர்ந்துவிட்டோம் என்பது நல்ல செய்தியாக எப்படி இருக்கும்?

கூடத்திலிருந்து இறங்கினால் பெட்டிகள் நிற வாரியாக நிற்கும். வீட்டிலிருந்து வந்த அன்று துறைமுக வாசலில் கொடுத்த பெட்டி தானாக அறைக்கு வந்தது. நேற்றிரவு வாசலில் வைத்த பெட்டி தானாகக் கரைக்கு வந்தது. இனி அதைத் தூக்க வேண்டியவர் இவர் ஒருவரே. விமானத்தில் போனால் எடைக்கட்டுப்பாடு உண்டு, சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறினால் கேட்பாரில்லை என்று மூன்று விருந்து உடை, அவற்றுக்கேற்ற மூன்று ஜோடி செருப்பு என்று அடைத்து வந்ததன் பலன் ரயில் நிலையப் படிக்கட்டில் தெரியும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே கப்பல் விடும் சாகா நிறுவனம், குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலுக்கே கார் அனுப்பும் செலவையும் கட்டணத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. விடுமுறை உடைவது எந்த இடத்தில் என்று தெரிந்த வியாபாரிகள். மற்றவர்கள் மான்செஸ்டர் ரயிலைப் பிடிக்க வேண்டும். நம்மவருக்கு மான்செஸ்டருக்கு முந்திய ஸ்டாக்போர்ட்டில் வீடு; நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ரெடிங் நிலையத்தில் அந்த ரயில் திசை மாறும். அதுவரை முன்னோக்கி உட்கார்ந்திருந்தவர் அதற்குப் பிறகு பின்னோக்கிப் போவார். வீட்டுக்கு முதுகையும் கடலுக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு, பர்மிங்ஹாம் என்று போய்க்கொண்டிருப்பது நம்மவருக்குப் பொருத்தமான ஆசனம்தான். பழக்கதோஷத்தில் எதிரே இருப்பவரிடம் "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டுவிடுவார். ஆங்கிலேய ரயில் பெட்டியில் அது ஏறக்குறைய கைது செய்யத்தக்க குற்றம். எதிரே இருப்பவர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்துவார். பதினான்கு நாளில் முதல்முறையாக இவர் தனியாக இருப்பது அந்த நிமிஷத்தில்தான், ஆட்கள் நிறைந்து உட்கார்ந்திருக்கும் பெட்டியில்.

இங்கே வாசகர்களில் விவரமானவர்கள் குறுக்கிடுவார்கள். இவ்வளவு கலகலப்பானவர் என்றால் ஸ்டாக்போர்ட்டிலேயே நாலு பேரைச் சிநேகம் பிடிக்க வேண்டியதுதானே? வலுவான கேள்வி. ஆனால் ஊரில் கிடைக்கும் சிநேகிதத்தின் விலை வேறு. உடம்பு சரியில்லாதபோது போய்ப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையின் வயலின் கச்சேரிக்கு உட்கார வேண்டும். பழைய மனத்தாங்கல்களை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். இவர் முப்பத்தைந்து வருஷம் பிறருடைய பிள்ளைகளையும் பிறருடைய காய்ச்சலையும் கவனித்தவர். கடன் தீர்ந்தது என்று நினைக்க இவருக்கு உரிமை உண்டு. தவிர, ஊர் உணவகத்துக்கு ஒற்றை ஆளாகப் போனால் கழிவறைக் கதவோரம் இருக்கும் மேசையைக் காட்டுவார்கள். கப்பலில் எட்டுப் பேர் மேசையில் நடுநாயகமாக உட்காரலாம். கரை சேரும் வருத்தம் தம்பதிகளுக்கும் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அவர்களுக்குச் சாட்சி இருக்கிறது. டால்பின் பார்த்தோம் என்று ஒருவர் சொன்னால், "அது அலைதான்" என்று மறுக்கவாவது இன்னொருவர் இருக்கிறார். இவர் பார்த்த டால்பினை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ உலகத்தில் ஆளில்லை. கப்பல் இறங்கும் வழியில் கடற்கொள்ளைக்காரன் வேஷம் போட்டவரோடு நிறுத்தி எடுத்து, அநியாய விலைக்கு விற்கும் புகைப்படத்தை இவர் மறுக்காமல் வாங்குவது அதனால்தான். இவர் அங்கே இருந்தார் என்பதற்கு அந்தக் கொள்ளைக்காரன் ஒருவன்தான் சாட்சி. பணக்காரச் சோகம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம்: ஜன்னலில்லாத உள்ளறையை ஒரு வருஷம் முன்பே தள்ளுபடியில் பிடித்து வைக்கிறவரைப் பணக்காரர் என்று பணக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கடிதக் குவியல், குளிர்பெட்டியில் திரிந்த பால். தரை ஆடும். உண்மையில் ஆடுவது தரையல்ல; கப்பலின் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, ஆட்டம் நின்ற பிறகும் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் பூனையோடு வந்து, "நன்றாக இருந்ததா?" என்று கேட்பார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவருக்குப் பொறுமை இருக்காது. நம்மவர் அதற்காக வருந்துவதாகத் தெரியவில்லை. ஏனென்றால் கப்பலிலேயே, நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, வரவேற்புக் கூடத்துக்குப் பக்கத்தில் அடுத்த பயணம் விற்கும் மேசையில் உட்கார்ந்து முன்பணம் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். தனியாக இருக்க முடியாதவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருப்பார். தனியாக இருக்க விரும்புகிறவர் வீட்டிலேயே இருந்திருப்பார். இரண்டுமில்லாத இவருக்குக் கப்பல்தான் விலாசம், ஸ்டாக்போர்ட் சற்று நீளமாக நிற்கும் ஒரு துறைமுகம்.

ஆகவே சவுத்தாம்ப்டனில் மான்செஸ்டர் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பெட்டியும் ஊதா அட்டையுமாக எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "எந்தக் கப்பல்?" என்று கேளுங்கள், டால்பினையும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் பர்மிங்ஹாமில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம். அதற்குள் மதீரா வரைக்கும்தான் வந்திருப்பார்.